வளைவில் திரும்பாதவை

காந்தப்புலக் கோடு எங்கே கூர்மையாக வளைகிறதோ அங்கேதான் அயனி அதைக் கைவிடுகிறது. என் ஆராய்ச்சி வாழ்வின் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே கழிந்தது. என் மனைவி இறந்ததும் ஒரு வளைவில்தான். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஒன்றை மற்றொன்றுக்கு உவமையாக்கி அழகு பார்க்கிறேன் என்று யாரேனும் எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கம். அந்தத் தயக்கம் இப்போது இல்லை. எடையும் வேகமும் உள்ள எதற்கும் திரும்புவதற்கு இடம் வேண்டும். இந்த விதி விண்வெளிக்கு ஒன்றும் பாகலூர் சாலைக்கு ஒன்றுமாக இருப்பதில்லை.

பூமியின் இரவுப் பக்கத்தில், நிலவின் தொலைவையும் தாண்டி, பூமியின் காந்தப்புலம் வால்போல நீண்டு கிடக்கிறது. அந்த வாலின் வடபாதியில் கோடுகள் பூமியை நோக்கி வருகின்றன. தென்பாதியில் பூமியை விட்டு விலகிப் போகின்றன. எதிரெதிராக ஓடும் இந்த இரண்டுக்கும் நடுவே பிளாஸ்மாவாலான ஒரு மெல்லிய தாள். சூரியனிலிருந்து வீசும் காற்றின் நெருக்குதலில் அந்தத் தாள் மேலும் மேலும் மெலிகிறது. ஓர் அளவைத் தாண்டி மெலிந்தால் எதிரெதிர்க் கோடுகள் அறுந்து, ஒன்றோடொன்று புதிதாக ஒட்டிக்கொள்கின்றன. காந்த மறுஇணைப்பு என்பது இதுதான். புதிதாக இணைந்த கோடு, கவணில் இழுத்துவிட்ட ரப்பரைப்போல வெடுக்கென நிமிர்ந்து, தன்மேல் இருந்தவற்றை இருபுறமும் வீசி எறிகிறது.

அமைதியான வேளையில் அயனியும் எலக்ட்ரானும் கோட்டைச் சுற்றிச் சுழன்றபடி, கோடு போகும் இடமெல்லாம் கூடவே போகும். தாள் மெலியும்போது முதலில் பிடி தவறுவது அயனி. எலக்ட்ரான் எடையில் அதன் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அது சுற்றும் வட்டமும் சிறியது. ஆகவே கூரிய வளைவிலும் இன்னும் கொஞ்ச தூரம் கோட்டைப் பற்றிக்கொண்டே போகும். அயனியின் வட்டம் பெரிது. கோடு வளையும், அயனி நேரே போகும். நடுத்தாளைக் கடந்து மறுபுறம் பாயும், அங்கிருக்கும் எதிர்ப்புலம் அதைத் திருப்பி அடிக்கும், மறுபடி கடக்கும். இப்படித் தறிகெட்டு அலையும்போதே மின்புலம் அதற்கு வேகத்தை ஏற்றிக்கொண்டிருக்கும். கடைசியில் ஏதோ ஒரு பக்கமாகத் தூக்கி எறியப்படும். அருகருகே புறப்பட்ட இரண்டு அயனிகள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இடங்களில் போய்ச் சேரும்.

எண்பதுகளின் பிற்பாதியில் இந்த அயனிகளின் பாதைகளை நான் கணக்கிட்டது எந்த ஆய்வுக்கூடத்திலும் அல்ல. ஓசூரை ஒட்டி, பாகலூர் சாலையில், இயந்திர உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணினி அறையில். பெங்களூரில் முனைவர் பட்டம் பெற்றவனுக்கு அங்கே நிலையான இடம் கிடைக்காததால் மாநில எல்லையைத் தாண்டி வந்து அந்தக் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்தேன். வார நாள்களில் கிடங்கின் இருப்புக் கணக்கும் உற்பத்தித் திட்டமும் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அயனிகள் ஓடும். மேலாளர் இதை அனுமதித்திருந்தார். "சூடாகாம பாத்துக்குங்க சார், மெஷினைச் சொல்றேன்" என்பதோடு அவருடைய நிபந்தனை முடிந்தது.

என் மனைவி மத்திகிரியில் உள்ள அரசு கால்நடைப் பண்ணையில் மருத்துவர். கிருஷ்ணகிரிக்காரி. பிறந்த வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னோடு தமிழ். என் திருநெல்வேலித் தமிழை மாடுகளிடம் பேசிக் காட்டிச் சிரிப்பாள். பண்ணைக்கு அருகிலேயே வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கணினி அறைக்கு வருவாள். அவளோடு கிருமிநாசினியின் வாசனையும் வரும். அப்படி ஒரு மதியம், அச்சுப்பொறி கக்கியிருந்த மடிப்புத் தாளைத் தரையில் விரித்து வைத்திருந்தேன். வளைந்தும் நெளிந்தும் போன கோடுகளைக் குனிந்து பார்த்தாள்.

"இதெல்லாம் என்னாங்க?"

"அயனிகள் போன தடம்."

"இது திரும்பிடுச்சி. இது ஏன் திரும்பலை?"

"வேகம் அதிகம். எடையும் இருக்கிறது."

"அப்ப எப்பிடித் திரும்பும்? சரி, இது தாளை விட்டே வெளிய போயிடுச்சே. அப்புறம் எங்க போயி நிக்கும்?"

"கணக்குக்காக நான் வகுத்த பெட்டி இது. அதன் எல்லையைத் தாண்டினால் நிரல் அதை விட்டுவிடும். அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை இந்தப் பக்கம் உள்ளே விடும். எங்கே நிற்கும் என்பது என் கணக்கில் இல்லை."

"எருது அவுக்கறவனும் இதையேதாங்க சொல்றான்" என்றாள். "அவுத்து உட்டுட்டோம், அப்புறம் அது பாடு. அது எங்க போயி நிக்குதோ அங்க ஊசியைத் தூக்கிட்டு ஓடறவ நானு."

எருது விடும் விழாவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஊர்களில் பொங்கலை ஒட்டித் தொடங்கி நடக்கும். இருபுறமும் சவுக்குக் கம்பு கட்டிய நீண்ட தடம். அதன் தலைப்பில் காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவார்கள். கொம்புகளுக்கிடையே வண்ணக் காகிதம் ஒட்டிய தட்டி கட்டியிருக்கும். ஓடும் காளையின்மேல் பாய்ந்து அதைப் பறிப்பதுதான் இளைஞர்களின் போட்டி. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றிலிருந்தும் ஆள்கள் வருவார்கள். காயம் படும் காளைகளைப் பார்ப்பதற்காகப் பண்ணையிலிருந்து ஆண்டுதோறும் என் மனைவி போவாள்.

எங்கள் தொழிற்சாலையின் பின்புறம் இருந்த ஊரில் தடம் எப்போதும் நேராக இருந்ததாம். தொழிற்சாலை விரிவடைந்து புதிய சுற்றுச்சுவர் எழும்பியதும் அது அந்தத் தடத்தை நடுவில் மறித்துவிட்டது. ஊரார் சுவர்வரை நேராக வந்து, அங்கே சட்டென்று இடப்பக்கம் திரும்பி, சுவரை ஒட்டியே ஏரிக்குப் போகும்படி புதிய தடம் அமைத்தார்கள். திருப்பத்தில், சுவரில், சரக்கு லாரிகளுக்கான எங்கள் பின்வாயில் இருந்தது. அந்த நாள்களில் அது பூட்டியே கிடந்தது. சுவரின் அடியில், வாயிலுக்கு முன்னால், பார்வையாளர் நிற்க மேடை போட்டிருந்தார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் நல்ல இடம் என்று ஒதுக்கியிருந்தார்கள்.

புதிய தடம் தகுந்ததா என்று பார்க்க அந்த ஊரில் ஒரு முறை உண்டு. கோயில் காளைக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, பம்பை முழங்கத் தடம் நெடுக நடத்திக்கொண்டு போவார்கள். அது தயங்காமல் மறுமுனைக்குப் போய்விட்டால் தடத்துக்குச் சாமியின் உத்தரவு கிடைத்துவிட்டது. கோயில் காளை வயதானது. ஆடி அசைந்து வந்து, சுவரை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, அழகாக இடப்பக்கம் திரும்பிப் போயிற்று. ஊர் கைகூப்பியது. கூட்டத்தில் நின்று பார்த்த என் மனைவி நேரே கோயில் தர்மகர்த்தாவிடம் போனாள். நானும் உடன் இருந்தேன்.

"ஐயா, இந்தத் திருப்பத்துல ஓடற மாடு திரும்பாது."

"டாக்டரம்மா, இப்பத்தான கண்ணால பாத்தீங்க? சாமி மாடு போன வழி."

"சாமி மாடு நடந்துச்சி. ஓடுச்சா?"

"சாமி எதுக்கும்மா ஓடணும்?" என்று அவர் சொன்னதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடையை அங்கேருந்து எடுத்துடுங்க. பொம்பளைங்க நிக்கிற எடம்" என்றாள்.

"எடுக்கறேன். தடத்தை மாத்த முடியாது. உங்க வீட்டுக்காரரு கம்பெனிதான சுவரு கட்டுச்சி? அந்தச் சுவரைக் கொஞ்சம் நகந்து நிக்கச் சொல்லுங்க, நாங்க மறுக்கா நேரா ஓட்டிக்கிறோம்."

கேலியாகச் சொன்னதை அவள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் மேலாளரின் அறையில் போய் உட்கார்ந்தாள். சுவர் நகர வேண்டாம். விழா நாளில் பின்வாயிலை மட்டும் திறந்து வைத்தால் போதும். திரும்ப முடியாத காளை நேரே வளாகத்துக்குள் ஓடிவரும். உள்ளே இடம் இருக்கிறது. ஓடி, தளர்ந்து, நின்றுவிடும். வாயில் மூடியிருந்தால் அது சுவரில் மோதும், அல்லது சுவருக்கு முன் நிற்பவர்கள்மேல் மோதும்.

மேலாளர் நல்ல மனிதர். கோயம்புத்தூர்க்காரர். "மாட்டுக்கு கேட் பாஸ் இருக்குதுங்களா மேடம்?" என்றார்.

"நீங்க எழுதிக் குடுங்க சார். கொம்புல கட்டி அனுப்பறேன்."

அவர் சம்மதித்தார். விழாவுக்கு முன் வளாகத்தின் சிமெண்டுத் தரையில் ஆற்றுமணல் பரப்பச் சொன்னாள், குளம்பு வழுக்காமலிருக்க. வார்ப்பு இரும்புக் குவியலை ஓரமாக ஒதுக்கச் சொன்னாள். கடைக்கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. "ஓடி வந்தது எதையாச்சும் பாத்து நிக்கணும். தண்ணியைப் பாத்தா நிக்கும்" என்றாள். பண்ணை ஆள்கள் இருவரோடு என்னையும் அந்தத் தொட்டியருகே கயிற்றோடு நிறுத்தினாள்.

அந்த ஊரின் இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தடம் நேராக இருந்த காலத்தில் காளையை அவிழ்ப்பவர் மறுமுனைவரை பார்க்க முடிந்தது. திருப்பம் வந்த பிறகு அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை; திருப்பமும் காளை கிளப்பும் புழுதியில் மறைந்துவிடும். ஆகவே காதை நம்பினார்கள். காளை திருப்பத்தைக் கடக்கும்போது அங்கே கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்தக் கூச்சல் கேட்டால் தடம் காலியாகிவிட்டது என்று பொருள். உடனே அடுத்த காளையின் கயிறு அவிழும்.

விழா முற்பகலில் தொடங்கியது. பம்பைச் சத்தமும் புழுதியும். முதலில் வந்த காளைகள் சற்று மிரண்டு, வேகம் குறைந்து, தடத்தோடு திரும்பின. பிறகு ஒரு செவலைக் காளை வந்தது. தட்டியில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விழுந்தான், மற்றவன் தட்டியோடு பிய்ந்து போனான். பாரம் குறைந்த காளை இன்னும் வேகமெடுத்தது. திருப்பத்தில் அது தலையைத் திருப்பியது. தலை மட்டுமே திரும்பியது. உடம்பு நேரே வந்தது. திறந்திருந்த வாயில் வழியாக உள்ளே பாய்ந்து, மணலில் கால் பதித்து, வளாகம் முழுதும் ஓடி, தொட்டிக்குச் சற்றுத் தொலைவில் நின்று மூச்சிரைத்தது. வெளியே சுவரதிரச் சிரித்தார்கள். "எருது செகண்ட் ஷிப்டுக்குப் போவுதுடா" என்று யாரோ கத்தினார்கள். என் மனைவி வாயிலருகே நின்று என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அவள் கணித்தபடியே நடந்திருந்தது. அவள் முகத்தில் நான் கண்ட கடைசி மகிழ்ச்சி அது.

அந்தக் காளை உள்ளே போனதே தீங்காயிற்று. வாயிலில் நின்றால் ஓடிவரும் காளையை நேருக்கு நேர் பார்க்கலாம் என்பதைக் கூட்டம் அப்போதுதான் கண்டுகொண்டது. ஒருவர் வந்து நின்றார். பிறகு பத்துப் பேர். மேடையை எடுத்த இடத்தில் இருந்தவர்களும் நகர்ந்து வந்தார்கள். காளைக்கென்று திறந்துவைத்த வழி ஆள்களால் அடைபட்டது. என் மனைவி கையிலிருந்த பிரம்போடு அவர்களை விலக்கப் போனாள். தமிழில் சொன்னாள், தெலுங்கில் சொன்னாள், கன்னடத்தில் சொன்னாள். மூன்று மொழியிலும் அவர்கள் சிரித்து, அரையடி நகர்ந்து, அவள் அடுத்தவரிடம் போனதும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

நான் தொட்டியருகிலிருந்து பார்த்தேன். தெரிந்தது அவள் முதுகும், அதற்கப்பால் புழுதியும். புழுதியின் நிறம் மாறி, கருப்பாக ஒன்று பெரிதாகி வந்தது. நின்றவர்கள் இருபுறமும் சிதறினார்கள். லேசானவர்கள், சட்டென்று திரும்பக் கூடியவர்கள். முதியவர் ஒருவர் தடுக்கி விழுந்தார். அவள் அவருடைய தோள்துண்டைப் பிடித்து இழுத்தாள். கருங்காளையின் கொம்பு அவள் இடுப்பில் ஏறி, அவளைத் தூக்கி, வாயிலின் இரும்புத் தூணில் அறைந்தது. எலும்பு முறிந்த ஓசை பம்பையின் இடைவெளியில் தெளிவாகக் கேட்டது. காளையும் முன்கால் மடிந்து விழுந்தது.

கூட்டம் அலறியது.

தடத்தின் தலைப்பில், புழுதிக்கு அப்பால், அவிழ்ப்பவர்கள் அந்த அலறலைக் கேட்டார்கள். வழக்கமான கூச்சலைவிடப் பெரிதாக இருந்தது. அடுத்த காளையை அவிழ்த்தார்கள்.

நான் ஓடிக்கொண்டிருந்தேன். மணல் காலை இழுத்தது. இரண்டாவது காளை, விழுந்து கிடந்த கருங்காளையில் இடறி, வாயிலுக்குள் புரண்டு வந்தது. அலறல் இன்னும் பெரிதாயிற்று. மூன்றாவதும் வந்தது. அது அவளை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடியது. நான் அவளை எட்டியபோது பண்ணை ஆள் ஒருவர் தடத்தின் நடுவே தலைப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார், இரண்டு கைகளையும் வீசி, "அவுக்காதீங்கடா, அவுக்காதீங்க" என்று கத்தியபடி. முதியவர் பிழைத்தார்.

தொழிற்சாலை ஜீப்பின் பின்னிருக்கையில் அவள் தலை என் மடியில் இருந்தது. சேலை முழுதும் நனைந்து, இருக்கையின் மடிப்பில் ரத்தம் தேங்கியது. ஓசூர் மருத்துவமனை தொலைவில்லை. அவளுக்கு நினைவு இருந்தது.

"கருப்புக்கு முன்காலு போயிடுச்சி" என்றாள். "எழுப்பி நிறுத்தப் பாப்பாங்க. நிறுத்தக் கூடாதுன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

"கேட்டை மூடிடுவாங்க. மூட விடாதீங்க."

அதற்கும் சொல்கிறேன் என்றேன். பிறகு அவள் தெலுங்கில் ஏதோ சொன்னாள், என்னிடம் அல்ல. ஜீப் மருத்துவமனை வாசலில் நின்றபோது நான் அவள் கையை விடவில்லை. உயிர் வழியிலேயே போய்விட்டது என்று மருத்துவர்தான் சொன்னார்.

அதே வேளையில் வளைவில் நடந்தவற்றைப் பிறகே அறிந்தேன். கருங்காளையின் சொந்தக்காரரைக் கூட்டம் அடித்துக் கையை முறித்திருந்தது. காவலாளியின் அறைமேல் கல் விழுந்து கண்ணாடி முழுதும் நொறுங்கியிருந்தது. கம்பெனி வாயிலைத் திறந்ததால்தான் டாக்டரம்மா செத்துப்போனாள் என்று ஊர் சொன்னது. தொழிற்சாலையிலும் அதையே சொன்னார்கள். அந்த வாயிலைச் செங்கல் வைத்து அடைத்துவிட மேலாளர் உத்தரவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, செங்கல் வந்து இறங்கியிருந்தது.

மறுத்துப் பேச எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பண்ணை ஆள்களையும் காளை வளர்ப்பவர்களையும் கேட்டு, அன்று ஓடிய ஒவ்வொரு காளையும் போன தடத்தை மடிப்புத் தாளின் பின்பக்கத்தில் வரைந்தேன், அயனிகளுக்கு வரைவதுபோலவே. திரும்பியவை ஏரிக்குப் போயின. திரும்பாதவை, தூணருகே விழுந்த கருங்காளை தவிர, அத்தனையும் வாயில் வழியாக உள்ளே வந்திருந்தன. அதை மேலாளரின் மேசைமேல் விரித்து, வாயில் இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு மூடினேன். உள்ளே வந்த கோடுகள் எல்லாம் சுவருக்கு முன்னால், மேடை இருந்த இடத்தில் முடிந்தன.

அவர் நெடுநேரம் பார்த்தார். "இதை எப்படிங்க சார் உக்காந்து வரைஞ்சீங்க?" என்றார்.

பென்சிலைக் கீழே வைத்தேன். "அடைக்க வேண்டியது வாயிலை அல்ல. ஆள் வந்து நிற்கிற இடத்தை" என்றேன்.

வாயிலின் இருபுறமும் ஆள் நுழைய முடியாதபடி இரும்புக் குழாய்த் தடுப்பு நட்டுத் தர அவர் ஒப்புக்கொண்டார். செங்கல் வேறு வேலைக்குப் போயிற்று. பிறகு தர்மகர்த்தாவிடம் போனேன். கூச்சலை நம்பி இனி அவிழ்க்கக் கூடாது. சுவர்மேல் ஒருவர் நின்று, திருப்பம் காலியான பின் கொடி காட்ட வேண்டும் என்றேன்.

"கொடி காட்ட இது என்னா ரயிலுங்களா?" என்றார் பழக்கத்தில். சொன்னதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டை எடுத்துவிட்டு, "சொல்லுங்க சார், யாரை நிறுத்தணும்?" என்றார்.

அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் என் நிரலில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். பெட்டியின் எல்லையில் அயனியை விட்டுவிடும் வரியை நீக்கி, பெட்டியைப் பூமியை நோக்கி நீட்டினேன். கணினி மிக மெதுவாக ஓடியது. மறுஇணைப்பில் பூமியை நோக்கி எறியப்பட்ட அயனிகள் நெடுந்தொலைவு வந்து, வலுவான புலம் எதிர்ப்பட்டதும் அதில் முட்டி வேகம் இழந்தன. சில திரும்பி ஓடின. பல அங்கேயே தங்கிச் சுழன்றன. அவள் கேட்ட கேள்விக்கு என்னால் தர முடிந்த விடை அவ்வளவுதான். அதைக் கட்டுரையாக எழுதினேன். சிறிய கட்டுரை.

மறு ஆண்டு விழாவில் கோயில் காளையை வழக்கம்போல நடத்தினார்கள். பிறகு ஓட்டம். நான் உள்ளே, தொட்டியருகே, கயிற்றோடு நின்றேன். சுவர்மேல் கொடியோடு பண்ணை ஆள் நின்றார். நண்பகலுக்குச் சற்று முன் ஒரு காரிக்காளை திருப்பத்தில் திரும்பவில்லை. இரும்புத் தடுப்புகளுக்கு இடையே யாரும் இல்லாத வழியில் நேரே வந்து, மணலை வாரி இறைத்துக்கொண்டு வளாகத்தைக் கடந்தது. தொட்டியை நெருங்கும்போது ஓட்டம் நடையாயிற்று. கிழிந்த தட்டி கொம்பில் தொங்க, மூக்கைத் தண்ணீரில் வைத்தது.

"சார், கொடி காட்டலாமா?" என்று சுவர்மேலிருந்து குரல் வந்தது. "அவுக்கற எடத்துல கத்தறாங்க."

காளையின் விலா இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் மட்டம் மெல்ல இறங்கியது.

"குடித்து முடிக்கட்டும்" என்றேன்.